அழியத் தவறிய நாடு

காலை பதினொன்று பத்துக்கு உப்பேரி நாடு அழிந்திருக்க வேண்டும். பதினொன்றே கால் ஆகியும் அழியவில்லை.

விசில் ஊதப்பட்டது. அரங்கத்திலிருந்த இருபத்துநாலு திரைகளும் ஒரே நொடியில் நின்றன. நீலக் கோட்டு போட்ட நடுவர்கள் மூன்று பேர், ஷூ சத்தம் எதிரொலிக்க, பதினேழாம் நம்பர் மேஜையை நோக்கி நடந்தார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தவர் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். இரண்டு கைகளையும் எடுத்து மேஜை மேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"என்ன பண்ணீங்க?" என்றார் முதல் நடுவர்.

"ஜெயிச்சேன் சார்."

"அது தெரியுது. எப்படி?"

"மதகைத் திறந்துவிட்டேன்."

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த விளையாட்டில் மதகு இருப்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

விளையாட்டின் பெயர் 'மண்ணும் மகுடமும்'. இருபத்துநாலு பேர் ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டு, ஒரே வரைபடத்தில், முன்னூறு வருஷ வரலாற்றைப் பத்து நாளில் ஆடி முடிக்கும் கம்ப்யூட்டர் போட்டி. நடத்துவது பேரவை. பேரவையில் இரண்டு பிரிவுகள். நடந்தது நடந்தபடியே நடக்கிறதா என்று பார்க்க வரலாற்றுப் பிரிவு. அதற்குப் பச்சை முத்திரை. ஆடுகிறவர்களுக்குச் சுவாரஸ்யம் குறையாமல் பார்க்க சமநிலைப் பிரிவு. அதற்கு நீல முத்திரை. இரண்டு முத்திரையும் விழாமல் அந்த அரங்கத்தில் மின்விசிறிகூடச் சுற்றாது.

வரலாற்றின்படி வடபேரரசின் அறுபதாயிரம் வீரர்கள், போட்டியின் ஆறாம் நாளான அன்று காலை, உப்பேரியைத் தரைமட்டமாக்க வேண்டும். வந்தார்கள். கோடைகாலம், வறண்டு கிடந்த ஏரிக்குள் கூடாரம் அடித்தார்கள். பம்ப் ஆபரேட்டர் வரைபடத்தைப் பார்த்தார். மேலே இன்னொரு ஏரி, அது நிறையத் தண்ணீர். இவ்வளவு தண்ணீரைத் தேக்கியவன் மதகு வைக்காமல் விட்டிருப்பானா என்று தேடினார். கரை ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார்.

அறுபதாயிரம் பேரும் நாலு நொடியில் முடிந்துபோனார்கள். திரையில் ஒரே ஒரு தொப்பி மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது.

வடபேரரசை ஆடியவர் பேரவைத் தலைவரின் மகளைக் கட்டியவர். அரங்கத்தில் எல்லோரும் அவரை 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள், நடுவர்கள் உட்பட. மாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "மாமா..." என்றார். சத்தமாகக்கூட இல்லை.

அது போதுமானதாக இருந்தது.

மத்தியானமே கடிதம் வந்துவிட்டது. இரண்டு முத்திரையும் ஈரமாக இருந்தன.

'தாங்கள் இன்று காலை 11.10 மணிக்கு அழிய வேண்டியிருந்தும், முன் அனுமதி ஏதுமின்றி வெற்றி பெற்றுள்ளீர்கள். தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு நாளை காலைக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.'

பம்ப் ஆபரேட்டர் அதை மூன்று முறை படித்தார். பிறகு மனைவிக்குப் போன் செய்தார். அவள் சீருடை தைக்கும் கம்பெனியில் இருந்தாள். பின்னால் நாற்பது தையல் மெஷின்களின் இரைச்சல்.

"ஜெயிச்சிட்டேன்," என்றார்.

"அப்பாடா! அப்போ நிரந்தரம்தானே?"

"ஜெயிச்சதுக்கு மெமோ குடுத்திருக்காங்க."

அவளுடைய மெஷின் மட்டும் நின்றது.

"நீங்க வரிசையில நின்னா கவுண்டரை மூடுவான். இது எனக்குத் தெரிஞ்ச கதைதான். சரி, என்ன எழுதப் போறீங்க?"

"உண்மையைத்தான்."

"அதை மட்டும் எழுதிடாதீங்க. தெரியாம ஜெயிச்சிட்டேன், இனிமே இப்படி நடக்காதுன்னு எழுதுங்க. உங்களுக்கு வேண்டியது முதல் நாலுல ஒரு இடம். அதை மறந்துட்டு அங்க போய் நியாயம் பேசிட்டு இருக்காதீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவருக்குக் குடிநீர் வாரியத்தில் எண்பத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் நீக்கம், மறுபடி எண்பத்தொன்பது நாள் வேலை. தொண்ணூறு நாள் தொடர்ந்து இருந்தால் நிரந்தரமாக்க வேண்டுமே! இப்படிப் பன்னிரண்டு வருஷம். போன வருஷம்தான் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது: பேரவைப் போட்டியில் முதல் நான்கு இடங்களுக்குள் வருபவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தரம் செய்யப்படுவார். அந்தக் காகிதத்தை அவர் பர்சில் மடித்து வைத்திருந்தார். பத்து நாள் லீவு எடுத்து வந்திருந்தார். பங்கேற்புச் சான்றிதழ் கொண்டுபோனால்தான் அது லீவு. இல்லாவிட்டால் ஓடிப்போனதாகக் கணக்கு.

ஆகவே, 'தெரியாமல் ஜெயித்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் விசாரணை.

நீளமான மேஜை. நடுவில் தலைவர். வலது பக்கம் வரலாற்றுப் பிரிவின் பேராசிரியர். இடது பக்கம் சமநிலை அதிகாரி. அந்த அம்மாளை எல்லோரும் 'மேடம்' என்றார்கள். ஓரத்தில் செயலாளர், நாலு பேனாக்களோடு.

பேராசிரியர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தம்பி, உப்பேரி அழிஞ்சது நிரூபிக்கப்பட்ட உண்மை. நானே நிரூபிச்சிருக்கேன். சோம்பேறி ஜனங்க, அதனால பதினோரு நிமிஷத்துல அழிஞ்சாங்க."

"அதுக்கு ஆதாரம் இருக்குங்களா சார்?"

"அழிஞ்ச நாட்டுக்கு ஆதாரம் எப்படி இருக்கும்? ஆதாரம் இல்லாததே அது அழிஞ்சதுக்கு ஆதாரம். நேத்து நீங்க திறந்துவிட்ட தண்ணியில மூழ்கினது படை மட்டும் இல்ல. என் புத்தகத்தோட நாலாவது அத்தியாயமும்தான். அது மூணு கல்லூரியில பாடம். அந்தப் பிள்ளைங்க எதிர்காலத்தை யோசிச்சீங்களா?"

பம்ப் ஆபரேட்டர் யோசித்திருக்கவில்லை. அதைச் செயலாளர் குறித்துக்கொண்டார்.

"ஒரு சந்தேகம் சார். வடபேரரசோட படை ரயில்ல வந்துச்சு. மத்த நாடெல்லாம் இன்னும் வில்லு அம்போட நிக்குது. அந்தக் காலத்துல ரயில் இருந்துச்சுங்களா?"

பேராசிரியர் மேடத்தைப் பார்த்தார். மேடம் புன்னகைத்தார்.

"ரயில் என்னோட பிரிவு. அது சுவாரஸ்யம். மாப்பிள்ளைக்கு அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிட்டு வர்றதுக்குப் பொறுமை இல்ல."

"அவரோட பேரரசருக்கு நூத்து நாப்பத்தாறு வயசு ஆகுதே மேடம். புத்தகத்துல முப்பத்தோரு வயசுல வயித்துப்போக்குல செத்ததா இருக்கு."

"செத்தா மாப்பிள்ளை மனசு கஷ்டப்படும். ஆடறவர் மனசு கஷ்டப்படக் கூடாதுங்கிறதுதான் எங்க பிரிவோட முதல் விதி."

"நானும் ஆடறவர்தானே?"

அறையில் ஒரு சின்னச் சிரிப்பு பரவியது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை. வேடிக்கையாக ஒன்றைக் கேட்டால் மனிதர்கள் சிரிப்பார்கள்.

"நீங்க உப்பேரியை எடுத்திருக்கீங்க," என்றார் மேடம் பொறுமையாக. "உங்களுக்கு நடக்கறது வரலாறு. சமநிலைன்னா எல்லாரும் சமம்னு அர்த்தம் இல்ல. அவங்கவங்க அவங்கவங்க இடத்துல அசையாம நிக்கறதுதான் சமநிலை. நீங்க அசைஞ்சிட்டீங்க."

கடைசியாகத் தலைவர் பேசினார். தலைவர் எப்போதும் கடைசியில்தான் பேசுவார். அதற்குள் முடிவு தட்டச்சாகி வந்திருக்கும்.

"இந்தப் பேரவையில எனக்கு மாப்பிள்ளையும் ஒண்ணுதான், பம்ப் ஆபரேட்டரும் ஒண்ணுதான். அதனாலதான் மாப்பிள்ளைகிட்டயே கேட்டேன், என்ன தண்டனை குடுக்கலாம்னு. பெருந்தன்மையா, 'கொஞ்சமா குடுங்க மாமா'ன்னு சொன்னார்."

கொஞ்சமாகக் கொடுத்தார்கள். அறுபதாயிரம் வீரர்களும் உயிரோடு எழுப்பப்பட்டார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் என்று பேராசிரியர் ஓர் அடிக்குறிப்பு எழுதிக் கொடுத்தார். மேல் ஏரி இருநூறு மைல் தள்ளி வைக்கப்பட்டது. உப்பேரிக்கு மூன்று கொள்ளைநோய்கள் வழங்கப்பட்டன. மூன்று லட்சம் மக்கள் அன்று மாலைக்குள் நாலாயிரத்துப் பன்னிரண்டு ஆனார்கள்.

அந்த நாலாயிரத்துப் பன்னிரண்டு பேரையும் பம்ப் ஆபரேட்டர் சாகவிடவில்லை. ஒன்பது கிணறு வெட்டினார். நோயாளிகளுக்குத் தனிக் குழாய் போட்டார். வேலையில் தினமும் செய்வதுதான். எட்டாம் நாள் புள்ளிப் பட்டியல் ஒட்டப்பட்டபோது, யாருக்கும் புரியாத விதத்தில், உப்பேரி ஐந்தாம் இடத்தில் இருந்தது. நாலாம் இடத்தில் தீவு நாடு.

தீவு நாட்டை ஆடியவர் பேக்கரி நடத்தும் ஓர் அம்மாள். ஐம்பது வயது. பதினெட்டாம் நம்பர் மேஜை, பக்கத்து இருக்கை. கொள்ளைநோய் வந்த அன்று அவர்தான் உப்பேரிக்கு ஒரு கப்பல் கோதுமை அனுப்பினார்.

"எதுக்குக்கா? உங்களுக்குப் புள்ளி குறையுமே," என்றார் பம்ப் ஆபரேட்டர்.

"பசிக்குதுன்னு ஒரு ஆள் பக்கத்துல உட்கார்ந்திருந்தா எனக்குக் கை ஓடாது தம்பி. தொழில் புத்தி."

அந்த அம்மாளின் நாட்டில் ஒரு நூலகம் இருந்தது. ஏழு நாளாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியது. புள்ளிகள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. எட்டாம் நாள் பிற்பகல் பேராசிரியர் அவர் மேஜைக்கு வந்தார்.

"வரலாற்றின்படி இன்னிக்கு நூலகம் எரியணும்மா."

"யார் எரிச்சா?"

"எதிரிங்க."

"எனக்கு எதிரியே இல்லீங்களே. எல்லாருக்கும் கோதுமை விக்கறேன்."

"அப்போ நீங்கதான் எரிக்கணும். நாங்களா எரிச்சா அது தலையீடு ஆயிடும். பேரவை எதுலயும் தலையிடாது. அந்த சிவப்புப் பொத்தான். அழுத்துங்க."

அம்மாள் மறுத்தார். மறுத்தால் வெளியேற்றம் என்று விதி வாசிக்கப்பட்டது. அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாள் அழுத்தினார். தீ அழகாக வரையப்பட்டிருந்தது. கோட்டு போட்டவர்கள் கைதட்டினார்கள். "வரலாறு கண்ணு முன்னால நடக்குது," என்று பேராசிரியர் நெகிழ்ந்தார். பிறகு சமநிலைப் பிரிவிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது: 'சொந்த நூலகத்தை எரித்தமைக்காக இரண்டாயிரம் புள்ளிகள் குறைக்கப்படுகின்றன.'

அம்மாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நீங்களே எரின்னு சொல்லி, எரிச்சதுக்கு நீங்களே புள்ளியும் குறைப்பீங்களா? இருங்க, பத்திரிகைக்கு எழுதறேன். ஒண்ணு விடாம எழுதறேன்!"

நாலு பேனாக்களில் சிவப்பு மையுள்ளதை எடுத்துச் செயலாளர் ஏதோ குறித்துக்கொண்டார். உப்பேரி நாலாம் இடத்துக்கு ஏறியது.

ஒன்பதாம் நாள் முழுக்கப் பம்ப் ஆபரேட்டர் பதினெட்டாம் நம்பர் பக்கம் திரும்பவில்லை.

பத்தாம் நாள் பரிசளிப்பு. வடபேரரசு முதலிடம், மாப்பிள்ளைக்குச் 'சிறந்த வரலாற்று உணர்வாளர்' என்ற கேடயமும் தனியாக. இரண்டாம் இடம், மூன்றாம் இடம் அறிவித்தார்கள். அப்புறம் நேராக நன்றியுரைக்குப் போய்விட்டார்கள்.

பம்ப் ஆபரேட்டர் மேடைக்குப் பின்னால் ஓடினார். செயலாளர் அவரை எதிர்பார்த்து நின்றதுபோல் தோளில் கை போட்டார்.

"உப்பேரி ஆறாம் நாளே அழிஞ்சிட்டதா நேத்து தீர்மானம் போட்டாச்சு சார். இல்லாத நாட்டை யாரும் ஆடியிருக்க முடியாது. அதனால நீங்க கலந்துக்கவே இல்ல."

"சான்றிதழாவது குடுங்க சார். அது இல்லேன்னா ஓடிப்போயிட்டேன்னு என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

"நீங்க வராததுக்கு நான் எப்படிச் சான்றிதழ் குடுப்பேன்?" செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா வேற ஒரு வழி இருக்கு. அடுத்த வருஷத்துல இருந்து தோக்க வேண்டிய நாடுகளை எல்லாம் ஆடறதுக்குப் பேரவையே ஒரு ஆளை வைக்கப் போகுது. 'வரலாற்றுத் தோல்வி அலுவலர்'. சொன்ன நாள்ல, சொன்ன நேரத்துல, முறையா தோக்கணும். நிரந்தரப் பதவி."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பம்ப் ஆபரேட்டருக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. செயலாளர் ஒரு காகிதத்தை நீட்டியதும் பேனாவை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போதுதான் படித்தார். தீவு நாட்டு அம்மாள் தனக்கு ரகசியமாகக் கோதுமை கடத்தினார். விதிகளை மீறுமாறு தூண்டினார். அவர் சொல்லும் எதுவும் நம்பத்தக்கதல்ல.

"இது..."

"ஒரு கப்பல் கோதுமை வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஆனா..."

"'ஆனா'வுக்கு இந்தப் படிவத்துல இடம் இல்ல சார்."

பாதி போட்டிருந்த கையெழுத்து முழுதாக முடிந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம், "நிரந்தரம்," என்றார். அவள் அழுதாள். எந்த வேலை, எதற்காக என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நியமனக் கடிதம் வாங்கப் பேரவை அலுவலகத்துக்குப் போனார். வாசலில் ஒரு பெஞ்சு. அதில் பேக்கரி அம்மாள் உட்கார்ந்திருந்தார். கையில், செயலாளர் இவரிடம் கொடுத்தனுப்பியதைப் போலவே ஓர் உறை.

"நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா தம்பி?"

"ஆமாக்கா."

"என்னன்னு?"

"கோதுமை... கடத்துனீங்கன்னு. நீங்க?"

"நீங்க மிரட்டி வாங்குனீங்கன்னு."

இரண்டு பேரும் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தலைவரின் படத்தைப் பார்த்தார்கள்.

"அடுப்பு அணைஞ்சு மூணு மாசம் ஆச்சு," என்றார் அம்மாள், சுவரிடம் சொல்வதுபோல். "பேக்கரின்னு போர்டு மட்டும்தான் இருக்கு. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம்."

"எனக்கு எண்பத்தொன்பது நாள் வேலைக்கா."

"தெரியும். சொல்லியிருக்கீங்க."

கதவு திறந்தது. உள்ளே அதே நீள மேஜை. ஒரே பதவிக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டது எப்படி என்று யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மேடத்தின் கண்கள் மின்னின.

"இதுக்கு எதுக்கு விவாதம்? போட்டி வெச்சிடலாம். ரெண்டு கம்ப்யூட்டர் போடுங்க. யார் நல்லா தோக்கறாங்களோ அவங்களுக்குப் பதவி."

போட்டார்கள். உப்பேரியும் தீவு நாடும் பத்தாம் நாள் இருந்த நிலையிலேயே திறக்கப்பட்டன; அழிந்துபோன உப்பேரி அதற்கு மட்டும் மீண்டும் உயிர்பெற அனுமதிக்கப்பட்டது. மாப்பிள்ளையும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விசில்.

பம்ப் ஆபரேட்டர் முதலில் படையைக் கலைத்தார். கோட்டைக் கதவுகளைக் கழற்றினார். நாடு விழவில்லை. ஜனங்கள் அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார்கள். மூன்று கொள்ளைநோயில் காப்பாற்றியவர் அல்லவா? பக்கத்துத் திரையில் அம்மாள் துறைமுகத்துக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. அம்மாள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

ஒன்பது கிணறு. ஒவ்வொன்றையும் வெட்டிய நேரம்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றிலும் விஷத்தைக் கலந்தார். எந்தக் கிணற்றில் கலந்தால் எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நாலாயிரத்துப் பன்னிரண்டு. மூவாயிரம். எண்ணூறு. அறுபது. குழாயடியில் வரிசையாக வந்து குடித்தார்கள். வரிசை கலையவே இல்லை.

அம்மாள் ஓரிடத்தில் தாமதித்தார். ஊரைக் கொளுத்துவதற்கு முன்னால் பிள்ளைகளை மட்டும் ஒரு படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது.

உப்பேரியின் திரையில் சுழியம்.

"ஜெயிச்சிட்டேன்!" பம்ப் ஆபரேட்டர் நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தார். கண்ணில் தண்ணீர். "முதல்ல நான்தான் அழிஞ்சேன். ஜெயிச்சிட்டேன் சார்!"

மேடம் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சொன்னீங்க?"

"நான்... முதல்ல..."

"ஜெயிச்சீங்க. அதைத்தான் சொன்னீங்க. சரியாத்தான் சொன்னீங்க. தோக்கற போட்டியில முதல்ல தோத்தவர் ஜெயிச்சவர். ஜெயிச்சவரைக் கொண்டுபோய்த் தோல்வி அலுவலரா உட்கார வெச்சா இந்தப் பேரவையைப் பத்தி நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"பழக்கதோஷம் இருக்கு இவர்கிட்ட," என்றார் பேராசிரியர். "எதைக் குடுத்தாலும் ஜெயிக்கறார்."

"தோக்கறதுலயும் தோத்தது அந்தம்மாதான்," என்றார் மேடம். "ஒரு படகுப் பிள்ளைங்க இன்னும் உயிரோட மிதக்குது பாருங்க. இதைவிடச் சுத்தமான தோல்வி கிடையாது."

பச்சை முத்திரை விழுந்தது. நீல முத்திரை விழுந்தது. மாப்பிள்ளை கைதட்டினார். தலைவர் எழுந்து அம்மாளுக்கு நீலக் கோட்டை அவரே போட்டுவிட்டார். தோள்பட்டை கொஞ்சம் பெரிசு. அம்மாள் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அந்தப் படகில் இருந்த பிள்ளைகளை மூழ்கடித்துவிட்டு நாட்டை மூடச் சொன்னார்கள், மூடினார்.

"அம்மா, உங்க முதல் வேலை," என்று செயலாளர் ஒரு பதிவேட்டை நீட்டினார். "வெளியாளுங்க அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிட்டுத்தான் அனுப்பணும். முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்து எழுதுங்க."

பம்ப் ஆபரேட்டர் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினார். கதவருகே நின்றார். பேன்ட் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தையல் கம்பெனியில் இடைவேளை நேரம்.

அம்மாள் அட்டையை வாங்கினார். படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். பத்து நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்.

"இது நீங்கதானா?" என்று கேட்டார்.